குளத்தில் இறங்கியவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் தெருவில் பால் பல் விழாத பிள்ளைகள்கூட அவரைப் பெயர் சொல்லி, "இங்க வா, அங்க போ" என்றுதான் கூப்பிட்டார்கள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். மற்ற எல்லா விஷயத்திலும் பெரியவர்களுக்கு மரியாதை கொடு என்று காதைத் திருகிய என் அம்மா, இதில் மட்டும் என்னைத் திருத்தவில்லை. கூப்பிட்டது போதும். இந்தக் கட்டுரையிலாவது அந்தப் பெயர் எங்கள் வாயில் அகப்படாமல் இருக்கட்டும்.

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகிற சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்குத் தெற்கே ஒரு தாங்கல். ஏரி என்று சொல்லச் சின்னது, குளம் என்று சொல்லப் பெரியது. அப்படிப்பட்ட நீர்நிலைக்கு எங்கள் பக்கம் தாங்கல் என்று பெயர். அது நிறையத் தாமரை. மேற்குக் கரையில் காலனி, அங்கேதான் அவர் வீடு. கிழக்குக் கரையில் பெருமாள் கோயில், அதை ஒட்டி எங்கள் தெரு. என் அப்பாவுக்குக் கோயிலில் பூக்கட்டும் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் தாயார் சன்னதிக்குத் தாமரை வேண்டும். அந்தத் தாமரையைப் பறித்துக்கொண்டு வந்தவர்தான் நான் சொல்ல வந்தவர்.

பறித்து என்று சுலபமாக எழுதிவிட்டேன். விடிந்தும் விடியாமலும் அவர் தாங்கலுக்குப் போவார். புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையையும் பேண்ட்டையும் போட்டுக்கொண்டு, மேலே ஒரு புடவையை இறுக்கிச் சுற்றியிருப்பார். தாமரைத் தண்டில் பொடி முள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, தொடையில் உரசினால் மூன்று நாளைக்கு எரியும். ஒரு பழைய லாரி டியூபை முன்னால் தள்ளிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடப்பார். முழங்கால் வரை சேறு. தண்டைக் கால்விரலால் தேடிப் பிடித்து, கையை உள்ளே விட்டு ஒரு திருகு. மொட்டு டியூபுக்கு வந்துவிடும். கரையேறியதும் முதல் வேலை, அட்டைகளைப் பிய்த்துப் போடுவது. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். விரிந்த பூ கோயிலுக்கு ஆகாது.

கோடையில் தாங்கல் வற்றிவிடும். தாமரை தானாக மறுபடி வந்துவிடும் என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வெடித்த மண்ணில் நடந்து, மாடு மிதித்து வெளியே தெரியும் கிழங்குகளை எடுத்து, ஈரம் இருக்கிற பள்ளமாகப் பார்த்துப் புதைத்து வைத்தவர் அவர். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. "சேறு இட்லி மாவு பதத்துக்கு இருக்கணும். தண்ணியாவும் கூடாது, கெட்டியாவும் கூடாது. அப்பத்தான் கெயங்கு புடிக்கும்" என்பார். சேற்றைப் பற்றி அவ்வளவு பிரியமாகப் பேசிய இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது ஒவ்வாத ஒன்றைச் சொல்லிவிட்டால் அவர் கத்த மாட்டார், சண்டைக்குப் போக மாட்டார். தலையை லேசாகச் சாய்த்து, "இன்னொரு தபா சொல்லு" என்பார். காது கேட்காதவர் கேட்பதுபோல அமைதியாகத்தான் கேட்பார். கேட்கப்பட்டவர் வாய் திறந்து, மூடி, வேறு பக்கம் பார்ப்பார். சில பேச்சுகளை ஒரு முறைதான் பேச முடியும். இரண்டாம் முறை பேசச் சொன்னால், என்ன பேசினோம் என்பது பேசியவருக்கே கேட்டுவிடும். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவரிடம் பேசும்போது அளந்து பேசியது இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான்.

அதை நான் முதலில் கேட்டது ஒன்பது வயதில், என் அப்பாவிடம் அவர் கேட்டபோது. கோயிலின் பின்பக்கம், பூக்கட்டும் மண்டபத்துக்கு வெளியே ஒரு கல் உண்டு. இலையில் சுற்றிய பூக்கட்டை அவர் அந்தக் கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். அப்பா செம்பிலிருந்து தண்ணீர் எடுத்து, கட்டின் மேல் தெளித்துவிட்டு, அப்புறம்தான் கையில் எடுப்பார். பல வருஷமாக நடந்தது. ஒரு நாள் அவர் கேட்டார்.

"இன்னாத்துக்கு நைனா தண்ணி தெளிக்கிற?"

"பூ வாடாம இருக்கத்தான்" என்றார் அப்பா.

"இப்பத்தான் தண்ணிக்குள்ளேர்ந்து எட்தாந்தேன். ஈரம் சொட்டிக்கினு கீது. இன்னொரு தபா சொல்லு."

அப்பா செம்பைக் கீழே வைத்துவிட்டு, பூவை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். எனக்கு அப்பாவைப் பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது. உள்ளே வந்த அப்பா, அவர் தலை மறைகிற வரைக்கும் காத்திருந்து, கிணற்றடியில் ஒரு கை தண்ணீர் எடுத்துத் தெளித்தார். பிறகு என்னைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோல உதட்டில் விரல் வைத்தார். நான் சொல்லவில்லை. என் அப்பா நல்ல மனுஷன், யாரையும் திட்டி அறியாதவர் என்று ஊரே சொல்லும். நல்ல மனுஷர்கள் செய்கிற அயோக்கியத்தனத்துக்கு எந்த ஊரிலும் பெயர் வைப்பதில்லை.

காலனியில் மற்றவர்கள் அப்பாவைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் நைனா என்பார். ஒருமுறை அப்பாவே சிரித்துக்கொண்டு, "எல்லாரும் சாமின்றாங்க, நீ மட்டும் இன்னாம்மா நைனான்ற?" என்று கேட்டார். "சாமி உள்ள கீது. நீ வெளிய நின்னுக்கினு கீற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மாதான் சிரிக்கவில்லை.

கோயில் சுவரில் யானைக் கதை செதுக்கியிருக்கிறது. தாமரை பறிக்கக் குளத்தில் இறங்கிய யானையின் காலை முதலை கவ்வ, யானை கூப்பிட, பெருமாள் கருடன் மேல் ஏறிப் பறந்து வருகிற கதை. திருவிழாவில் பட்டாச்சாரியார் அதை உருகி உருகிச் சொல்வார். கோபுர வாசலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, அவர் என்னிடம் சொன்னார்: "ஒரு பூவுக்கு ஆனையாண்ட ஓடி வந்தாரு பாரு. இத்தினி வருசமா நானும் எறங்குறேன். அட்ட கடிச்சா உப்பு தரக்கூட ஆளு இல்ல." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் அப்போது அது வேடிக்கையாக மட்டும்தான் இருந்தது.

பூ கோயிலுக்குப் போகும், இலை உத்திரமேரூர் கடைத்தெருவில் கறிக்கடை வைத்திருந்த பாய்க்குப் போகும். தாமரை இலையில் கட்டினால் கறி ஈரம் காயாது. பூவை இறக்கிவிட்டு இலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பஸ் ஏறிவிடுவார். "வாம்மா, நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டு, பாய் தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை நகர்த்திப் போடுவார். அந்த ஸ்டூலில் அவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ குடித்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வாரம் தவறாமல் வந்தவர். எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஊரில் அரிசி மில் வைத்திருந்தவர்தான் கோயில் தர்மகர்த்தா. ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் கூட்டம் நிற்கும்போது மில்காரர் காரை விட்டு இறங்கியவுடனே ஆரம்பித்தார்.

"கறிக்கடைக்கு இல குடுக்குற கையால தாயாருக்குப் பூ எடுத்தாறியே, அசிங்கமா இல்ல?"

இவர் கட்டைக் கீழே வைத்தார். "இன்னொரு தபா சொல்லு நைனா."

மில்காரர் சுற்றிலும் பார்த்தார்.

"போன ஞாயித்துக்கெயம உங்க வூட்டுக்கு ரெண்டு கிலோ எந்த இலையில வந்துது? பாய் என் கண்ணெதிரக்கதான் கட்டுனாரு" என்றார் இவர். "பூவும் இலையும் ஒரே கெயங்குலேர்ந்துதான் வருது. பூவுக்கு ஒரு கெயங்கு, கறிக்கு ஒரு கெயங்குன்னு எவனும் படைக்கல. தாயார் வேணாம்னு சொல்லட்டும், நிறுத்திக்கிறேன்."

வரிசையில் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். மில்காரர் சாமி கும்பிடாமலே காரில் ஏறிப் போனார். அவர் அதை மறந்திருப்பார் என்று நான் நினைத்தது என்னுடைய அசட்டுத்தனம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் தமிழ் படித்தேன். தாமரை பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தேன். முகம் தாமரை, கண் தாமரை, கை தாமரை, காலும் தாமரை. லட்சுமி உட்காருவது அதன் மேல், சரஸ்வதி உட்காருவது அதன் வெள்ளையில். புத்தர் பீடமும் தாமரைதான், அருகன் பாதம் வைத்ததும் தாமரைமேல்தான். எங்கள் காஞ்சிபுரத்துப் பக்கம் இவர்கள் எல்லோருமே ஒரு காலத்தில் குடியிருந்திருக்கிறார்கள். சாமிகள் மாறினார்கள், ஆசனம் மாறவில்லை. மண்டபக் கூரையில் கல் தாமரை, பட்டுப்புடவைக் கரையில் ஜரிகைத் தாமரை, வாசலில் மாக்கோலத் தாமரை. எல்லாவற்றுக்கும் சொல்லப்படுகிற காரணம் ஒன்றுதான்: அது சேற்றில் பிறந்தும் சேறு ஒட்டாதது. துறவிக்கு அதுதான் உவமை, ஞானிக்கும் அதுதான். கல்லூரியில் இதை வைத்துக் கட்டுரை எழுதிப் பரிசுகூட வாங்கினேன். இத்தனை நூற்றாண்டுகளாகத் தாமரையை எழுதியவர்களில், செதுக்கியவர்களில், ஒருவராவது தாங்கலில் இறங்கியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் வரவேயில்லை. இறங்கியிருந்தால் சேற்றை இப்படி ஏசியிருக்க மாட்டார்கள். அதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கே தமிழ் டீச்சராக வந்தேன். தாமரை பறித்தவரின் மகள் என்னிடம் படித்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். மில்காரர் அதற்குள் ஒரு நர்சிங் கல்லூரியும் கட்டியிருந்தார். பாராட்டு விழாவுக்கு அவர்தான் தலைமை. முதல் மாணவிக்குத் தன் கல்லூரியில் இலவசமாக இடம் தருவதாக மேடையில் அறிவிப்பார் என்று தலைமையாசிரியர் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு நர்சாக வேண்டும் என்பதுதான் ஆசை. வேறு வழியில் அது நடக்க வாய்ப்பில்லை என்பது அவள் அம்மாவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஃப்ளெக்ஸுக்கு வாசகம் எழுதுகிற பொறுப்பு எனக்கு. இரண்டு நாள் யோசித்து எழுதினேன். மேலே மில்காரரின் பெரிய படம். கீழே ஒரு தாமரை, அதன் நடுவில் அந்தப் பெண்ணின் முகம். இரண்டுக்கும் நடுவே என் வரி. கட்டித் தொங்கவிட்டபோது தள்ளி நின்று பார்த்து ரசித்தேன்.

அவர் நல்ல புடவை கட்டிக்கொண்டு முன்னதாகவே வந்துவிட்டார். படத்தில் மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னா டீச்சர் எய்தி கீது?"

"நான்தான் எழுதினேன். சேற்றில் மலர்ந்த செந்தாமரை" என்றேன், குரலை ஏற்றி இறக்கி.

அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்தார்.

"இன்னொரு தபா சொல்லு."

என் வாய் திறந்தது. எத்தனை பேர் அந்த இடத்தில் திணறி நின்றதைப் பார்த்திருக்கிறேன். நின்றால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சேறு யாரு டீச்சர்? நானா, அவ அப்பனா, எங்க தெருவா?"

"அய்யோ, அப்படி இல்லக்கா. இது புகழ்ச்சிதான்." அவரை நான் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. மாட்டிக்கொண்ட பிறகு வருகிற மரியாதை.

"தாமர சேத்தத் தின்னுதான் வளருது. நல்ல தண்ணியில வச்சுப் பாரு, இலகூட வுடாது. என் பொண்ணு எங்களாண்டேர்ந்து தப்பிச்சு வந்துட்டாப்புல எய்தி கீறியே. அவ எங்களாலதான் வந்துகீறா." அவர் குரல் உயரவேயில்லை. "அத அவுத்துடு டீச்சர். அதுக்குக் கீய என் பொண்ணு நிக்க வேணாம்."

நான் தலைமையாசிரியரிடம் ஓடினேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மேல யார் படம் இருக்குன்னு பாத்தீங்களா? கார் திரும்புற நேரத்துல அவுக்கறதா? அந்தம்மாகிட்ட சீட்டு வேணுமா வேணாமான்னு கேளுங்க" என்றார். நான் திரும்பி வந்து, "விழா முடிஞ்சதும் அவுத்துடறேன்க்கா" என்றேன். சீட்டு விஷயத்தை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அவர் மேடையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், போய் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார்.

மில்காரர் நன்றாகப் பேசுவார். கல்வியின் சிறப்பைப் பேசினார், தன் கல்லூரியின் சிறப்பைப் பேசினார். பிறகு ஃப்ளெக்ஸைக் கைகாட்டினார். "டீச்சர் அருமையா எழுதியிருக்காங்க. சேத்துல பொறந்தாலும் சேறு ஒட்டாத தாமரை இந்தப் பொண்ணு. இதப் பெத்த தாயும் இங்கதான் கீறாங்க. எய்ந்து நில்லும்மா. எல்லாரும் பாக்கட்டும்."

அந்தப் பெண் மேடையில் நின்றுகொண்டிருந்தாள். இடம் இன்னும் அறிவிக்கப்படவில்லை. கூட்டம் முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தது. இப்போது கேட்பார், தலையைச் சாய்த்து அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது, கேட்டுவிடக் கூடாதே என்றும் இருந்தது.

அவர் கேட்கவில்லை. எழுந்து நின்றார். கையைக்கூடக் கூப்பினார். எங்கள் தெரு முழுவதும் சேர்ந்து இருபது வருஷமாகச் செய்ய முடியாததை மில்காரர் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு செய்துவிட்டார். அதற்கு வரி எழுதிக் கொடுத்தவள் நான். கூட்டம் கைதட்டியது. அவர் உட்கார்ந்த பிறகு இடம் அறிவிக்கப்பட்டது, மறுபடியும் கைதட்டினோம்.

ஃப்ளெக்ஸை நான் அன்றைக்கு அவிழ்க்கவில்லை. மில்காரரின் படம் இருக்கட்டும் என்று தலைமையாசிரியர் சொன்னார், நானும் விட்டுவிட்டேன். மழைக்காலம் வரை பள்ளி வாசலிலேயே அது தொங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமையும் பூ வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் யாரையும் எதையும் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. யார் என்ன பேசினாலும் பூவை வைத்துவிட்டுப் போய்விடுவார். "பொண்ணு படிச்சதும் இவளுக்கும் பக்குவம் வந்துடுச்சு" என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒரு மனுஷியின் வாயை அடைத்துவிட்டு அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்துவிடுகிற சாமர்த்தியம் எங்களுக்கு இருக்கிறது. மன்னிப்புக் கேட்க இரண்டு முறை காலனிப் பக்கம் போனேன். முதல் முறை அவர் வீட்டில் இல்லை. இரண்டாம் முறை இருந்தார், பாய் விரித்து என்னை உட்காரச் சொன்னார், டீ போட்டுக் கொடுத்தார். என்னால் பேச்சை எடுக்கவே முடியவில்லை. மகளின் ஹாஸ்டலைப் பற்றி விசாரித்துவிட்டு வந்துவிட்டேன்.

மகள் படித்து முடித்து செங்கல்பட்டில் வேலைக்குப் போனாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதோடு அவரை நான் பார்க்கவில்லை.

போன வருஷம் அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள். ஏதோ பதவி உயர்வுக்கு, இங்கே படித்ததற்கான சான்று வேண்டுமாம். இப்போது நான்தான் தலைமையாசிரியை. எழுந்துபோய்க் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். சான்றை எழுதிக்கொண்டே, "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"நல்லா கீறாங்க டீச்சர். என் பையன அவங்கதான் பாத்துக்கிறாங்க."

கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல கீது. அன்னிக்கு அம்மாவ எய்ந்து நிக்கச் சொன்னாரே, அப்ப நீங்க ஏன் கை தட்டுனீங்க? நான் மேடையிலேர்ந்து உங்களத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

எத்தனையோ வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்த பதில்கள் நிறைய இருந்தன. வாயில் வந்தது ஒன்றுதான்.

"எல்லாரும் தட்டுனாங்கம்மா."

அவள் சான்றை மடிக்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாரும் எய்தல டீச்சர்" என்றாள்.